எல்லை கடந்த இயற்கை: ரொமாண்டிக் இலக்கியச் சிந்தனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கையைப் பற்றிய ரொமாண்டிக் சிந்தனை என்று எதைச் சொல்கிறோம்?

இயற்கையைப் பாடாத காலமும் இல்லை, மொழியும் இல்லை. ஆகையால் மலையையும் ஆற்றையும் வருணித்ததை மட்டும் வைத்து இந்த இயக்கத்தை அடையாளம் காண முடியாது. ஏறத்தாழ 1760 முதல் 1850 வரை ஐரோப்பாவில் வலுப்பெற்ற எண்ணம் இதுதான்: மனித மனமும் வெளியே காணும் இயற்கையும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை, எனவே ஒரு மலைக்கு முன்னால் தனித்து நிற்பவர் தம்மையே அறிந்துகொள்ளும் வாய்ப்பைப் பெறுகிறார், நகரமும் சந்தையும் மழுங்கடித்த உணர்ச்சி அங்கே அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷெல்லிங் 1797இல் இதை மிகச் சுருக்கமாகச் சொன்னார்: இயற்கை கண்ணுக்குப் புலனாகும் மனம், மனம் கண்ணுக்குப் புலனாகாத இயற்கை.

இந்த எண்ணம் யார் கைவழியாக எந்த நாட்டுக்குச் சென்றது என்பதே இங்குள்ள கேள்விகளின் மையம். இலக்கிய வரலாறுகள் 'தாக்கம்' என்ற ஒரே சொல்லில் தாண்டிச் செல்லும் இடங்களில் பெரும்பாலும் ஒரு கப்பல் பயணமோ, சிறைக்காலத்தில் செய்யப்பட்ட ஒரு மொழிபெயர்ப்போ, அரசு அழித்த ஒரு நூலோ இருப்பதைக் காணலாம்.

இது இங்கிலாந்தில் 1798இல் தொடங்கியது என்றுதானே கல்லூரியில் படித்தோம்?

ஆங்கிலக் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுதி 1798இல் வந்தது. ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்துக்கு அது வசதியான தொடக்கம். ஆனால் அதற்கு முன்பே இந்தச் சிந்தனை பல எல்லைகளைக் கடந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் ஆல்ப்ஸ் மலையைப் பற்றிய தம் நெடுங்கவிதையை 1732இல் வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் தாம்சன் பருவங்களைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கவிதையை 1745இல் கவிஞர் பிராக்கஸ் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அந்தக் கவிதையே பிற்பாடு ஹைடனின் இசைப் படைப்புக்கும் அடிப்படையாயிற்று. ஜெனீவாவில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய ரூசோ, 1761இல் வந்த தம் நாவலின் வழியாக ஜெனீவா ஏரிக்கரையை ஐரோப்பிய வாசகர்களின் யாத்திரைத் தலமாகவே ஆக்கிவிட்டார்.

1816 ஜூன் மாதத்தில் ஷெல்லியும் பைரனும் அந்த நாவலையும் எடுத்துக்கொண்டு, அதில் வரும் இடங்களைத் தேடிப் படகில் ஏரியைச் சுற்றினார்கள். அதே கோடையில் ஷெல்லி பைரனுக்கு வேர்ட்ஸ்வொர்த்தை விடாமல் எடுத்துச் சொன்னார். பைரன் அப்போது எழுதிய பயணக் கவிதையின் மூன்றாம் காண்டத்தில் அதன் சுவடு தெளிவாகத் தெரிகிறது. சுவிஸ் ஏரி ஒன்றின் மேல், ஒரு பிரெஞ்சு நாவலின் துணையோடு, ஓர் ஆங்கிலக் கவிஞர் இன்னோர் ஆங்கிலக் கவிஞரிடமிருந்து மூன்றாமவரைக் கற்றுக்கொண்டிருக்கிறார். இதை எந்த நாட்டு இலக்கியத்தின் கணக்கில் எழுதுவது?

வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் ஜெர்மனிக்குப் போனது எதற்காக? அங்கே என்ன நடந்தது?

இரண்டு பேர் ஒரே கப்பலில் ஒரே நாட்டுக்குச் சென்று முற்றிலும் வேறான பொருள்களோடு திரும்பிய கதை இது. 1798 செப்டம்பரில், அவர்களுடைய தொகுதி கடைக்கு வருவதற்குச் சற்று முன்பாக, இருவரும் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டோரத்தியோடு யார்மத் துறைமுகத்திலிருந்து ஹாம்பர்க் சென்றார்கள். பீங்கான் உற்பத்தியில் பெயர்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்துச் சகோதரர்கள் அந்த ஆண்டு கோல்ரிட்ஜுக்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை வழங்கத் தொடங்கியிருந்தனர். அந்தப் பணமே அவருடைய பயணத்துக்கு வழிவகுத்தது.

கோல்ரிட்ஜ் முதலில் ராட்ஸெபுர்க் என்ற சிற்றூரில் தங்கி மொழியைக் கற்றார். பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புளூமென்பாக்கின் உடலியல், இயற்கை வரலாற்று வகுப்புகளில் அமர்ந்தார். பிராக்கன் மலையில் ஏறினார். 30 பவுன் மதிப்புள்ள நூல்களை வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை தத்துவ நூல்கள். அடுத்த 20 ஆண்டுகள் அவர் எழுதியவற்றில் ஜெர்மன் தத்துவ அறிஞர்களான கான்ட்டும் ஷெல்லிங்கும் இல்லாத பக்கங்கள் குறைவு.

வேர்ட்ஸ்வொர்த்தும் டோரத்தியும் கோஸ்லார் என்ற ஊரில் கடும் பனிக்காலத்தில் அடைபட்டார்கள். பழகுவதற்கு மனிதர்கள் இல்லை. மொழியும் சரியாக வரவில்லை. வெளியே போக முடியாத அந்த மாதங்களில் வேர்ட்ஸ்வொர்த் எழுதியது ஜெர்மனியைப் பற்றி அன்று. இரவில் ஒரு சிறுவன் அனுமதியின்றிப் படகை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்குள் செல்வதும், எதிரே எழும் கரிய சிகரம் தன்னைத் துரத்துவதாக அஞ்சித் திரும்புவதும், உறைந்த ஏரியின்மேல் சறுக்கி விளையாடுவதும் ஆகிய பிள்ளைப்பருவக் காட்சிகள் கோஸ்லாரில்தான் உருப்பெற்றன. அவருடைய வாழ்நாள் படைப்பான தன்வரலாற்றுக் காவியத்துக்கு அவையே வித்து.

ஜெர்மனியிடமிருந்து கோல்ரிட்ஜுக்குக் கருத்து கிடைத்தது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு ஊரைவிட்டு விலகி நிற்கும் தூரம் கிடைத்தது. சிந்தனைப் பரிமாற்றத்தைப் பற்றி எழுதுவோர் முதலாவதை மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டாவதும் அதே அளவுக்கு உண்மையானது என்பது என் உறுதியான கருத்து.

கோல்ரிட்ஜ் ஷெல்லிங்கிடமிருந்து திருடினார் என்கிறார்களே?

கோல்ரிட்ஜ் 1817இல் வெளியிட்ட இலக்கியத் தன்வரலாற்றில் ஷெல்லிங்கின் பத்திகள் ஏறக்குறைய அப்படியே ஆங்கிலத்தில் வருகின்றன. வரும் இடத்தில் மூலம் சுட்டப்படவில்லை. ஷெல்லிங்குக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அந்நூலிலேயே பொதுவாகச் சொல்லியிருக்கிறார் என்றாலும், வாசகர் அதைக்கொண்டு எந்தப் பத்தி யாருடையது என்று பிரித்தறிய முடியாது. 1834இல் கோல்ரிட்ஜ் இறந்த சில மாதங்களிலேயே ஆங்கில எழுத்தாளர் டி குவின்சி இதை அம்பலப்படுத்தினார். 1840இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஃபெரியர் பட்டியலிட்டே காட்டினார்.

செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஷெல்லிங் பின்னாளில் இதற்காகக் கோபம் காட்டவில்லை. கோல்ரிட்ஜ் உருவாக்கிய ஒரு கலைச்சொல்லைத் தாமே எடுத்தாண்டு அவரைப் பாராட்டினார். ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒரு தலைமுறை, ஷெல்லிங்கின் இயற்கைத் தத்துவத்தைக் கோல்ரிட்ஜின் வழியாகவே சந்தித்தது என்பதும் வரலாறு.

நெப்போலியன் காலத்துப் போர்கள் இந்தப் போக்குவரத்தை நிறுத்திவிடவில்லையா?

தடுத்தன, ஆனால் நாடுகடத்தப்பட்டவர்கள் வழியாக அது இன்னும் தொலைவுக்குச் சென்றது. பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்தால் ஜெர்மன் இலக்கியத்தையும் தத்துவத்தையும் பிரெஞ்சு வாசகருக்கு விளக்கி ஒரு பெருநூல் எழுதினார். 1810இல் அச்சான 10,000 படிகளை நெப்போலியனின் காவல்துறை அழித்தது. அந்நூல் 'பிரெஞ்சுத் தன்மை உடையதன்று' என்று காவல்துறை அமைச்சர் சவாரி அவருக்குக் கடிதம் எழுதினார். ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள கொப்பே மாளிகையில் கண்காணிப்பில் இருந்த அவர், பின்னர் தப்பி ரஷ்யா, ஸ்வீடன் வழியாக லண்டனை அடைந்து, 1813இல் நூலை அங்கே வெளியிட்டார். அதன்பின் அது ஐரோப்பா முழுவதும் பரவியதோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து இளைஞர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் அறிவியலுக்கு ஏதேனும் பங்கு உண்டா?

பெரிய பங்கு உண்டு. ஜெர்மன் இயற்கை அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், 1790களில் யேனா நகரில் கவிஞர் கதேயோடு நெருங்கிப் பழகியவர். 1799 முதல் 1804 வரை தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பயணம் செய்து, 1802இல் சிம்பொராசோ மலையில் அதுவரை யாரும் ஏறியதாக ஐரோப்பியர் அறிந்திராத உயரம் வரை ஏறினார். தாவரப் புவியியல் குறித்த தம் கட்டுரையின் ஜெர்மன் பதிப்பை 1807இல் கதேக்குக் காணிக்கையாக்கினார். காற்றழுத்தமானியின் அளவும், காடு மனத்தில் எழுப்பும் உணர்ச்சியும் ஒரே பக்கத்தில் இடம்பெறலாம் என்று அவர் நம்பினார். அந்தப் பயணத்தில் அவரும் தாவரவியலாளர் போன்ப்லானும் விரும்பிப் படித்த நூல், மொரீஷியஸ் தீவில் நடக்கும் ஒரு பிரெஞ்சுக் காதல் கதை. 1788இல் அதை எழுதிய பெர்னார்தன் த சென்-பியேர், அத்தீவில் வாழ்ந்தவர், ரூசோவின் நண்பர்.

இங்கே ஹெலன் மரியா வில்லியம்ஸ் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஆங்கிலக் கவிஞரான இவர் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்துப் பாரிஸில் குடியேறினார். 1787இல் அச்சேறிய வேர்ட்ஸ்வொர்த்தின் முதல் கவிதையே இவரைப் பற்றியது. புரட்சி அரசு பலரைக் கொன்றுகுவித்த பயங்கர ஆட்சியின்போது சிறைப்பட்ட அந்தக் கொடிய நாட்களில் மொரீஷியஸ் கதையை ஆங்கிலமாக்கினார். பிறகு 1814 முதல் 1829 வரை ஹம்போல்ட்டின் பயண நூலை ஏழு தொகுதிகளாக ஆங்கிலத்தில் தந்தார். டார்வின் பீகிள் கப்பலில் படித்துப் பரவசப்பட்ட ஹம்போல்ட், வில்லியம்ஸின் ஆங்கிலத்தில் பேசிய ஹம்போல்ட்தான். ரூசோவின் வட்டம், வேர்ட்ஸ்வொர்த், ஹம்போல்ட், டார்வின் ஆகிய நால்வரையும் ஒரே கோட்டில் இணைப்பவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். பாடநூல்களில் அவருடைய பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏதேனும் சென்றதா?

சென்றது. வில்லியம் ஜோன்ஸ் காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலமாக்கி 1789இல் கல்கத்தாவில் வெளியிட்டார். அந்த ஆங்கிலத்திலிருந்து 1791இல் கியோர்க் ஃபோர்ஸ்டர் அதை ஜெர்மனாக்கினார். இவர் கேப்டன் குக்கோடு உலகைச் சுற்றியவர். இளம் ஹம்போல்ட்டுக்குப் பயண ஆசையை ஊட்டியவரும் இவரே. ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் அந்த நாடகத்தைக் கொண்டாடினார். கதே அதைப் புகழ்ந்து உடனே கவிதை எழுதினார். சகுந்தலை ஆசிரமத்தை விட்டுப் புறப்படும்போது செடிகொடிகளும் மானும் பிரிவால் வாடும் நான்காம் அங்கம், மனிதருக்கும் இயற்கைக்கும் இடையே உறவு உண்டு என்று அப்போதுதான் வாதாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். அதில் தாங்கள் தேடியதை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. துஷ்யந்தனின் அரண்மனையும் அரசியலும் அவர்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தியும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தை 1772இலும் 1776இலும் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ், அங்குள்ள சிற்பங்களைப் பற்றியும் கடலில் மூழ்கிய கோயில்கள் பற்றிய உள்ளூர்ப் பேச்சைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். 1788இல் கல்கத்தா ஆசியவியல் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. அதைப் படித்த ராபர்ட் சதே, இந்தியாவைக் கண்ணால் காணாமலேயே, 1810இல் வெளியிட்ட தம் காவியத்தில் மகாபலியின் கடல் கொண்ட நகரத்தை ஒரு முழுப் பகுதியாகப் பாடினார். மாமல்லபுரத்து அலை, வேர்ட்ஸ்வொர்த்தின் அண்டை வீட்டார் எனத்தக்க ஒரு கவிஞரின் ஏரிக்கரை வீட்டை எட்டியது இப்படித்தான்.

அமெரிக்காவில் இது எப்படி வேரூன்றியது?

வெர்மான்ட் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் மார்ஷ், சமயச் சிந்தனை பற்றிய கோல்ரிட்ஜின் நூல் ஒன்றை 1829இல் நீண்ட முன்னுரையோடு பதிப்பித்தார். ஆராயும் அறிவும் உள்ளொளியும் வேறு வேறு என்ற பாகுபாட்டை அந்நூலிலிருந்தே அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் பற்றிக்கொண்டார். அது கான்ட்டிடமிருந்து வந்தது; ஆனால் எமர்சன் கையில் தலைகீழாகிவிட்டது. மனித அறிவால் எட்ட முடியாத எல்லைகளைக் காட்டவே கான்ட் முயன்றார்; காட்டில் நிற்கும் எந்த மனிதனும் உண்மையை நேரே காணலாம் என்று எமர்சன் சொன்னார். மூன்று பேர் கைமாறியதில் நேர்ந்த இந்தத் திரிபு இல்லாவிட்டால், 1836இல் இயற்கையைப் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூல் பிறந்திருக்காது.

எமர்சன் ஆட்களையும் தேடிப் போனார். 1833 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஏரி நாட்டில் ரைடல் மவுண்ட் என்ற வீட்டில் அவர் கண்ட வேர்ட்ஸ்வொர்த், நரைத்த தலையும் பச்சைக் கண்ணாடியும் அணிந்த, பார்வைக்கு எடுப்பில்லாத முதியவர். தோட்டத்துப் பாதையில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதைப்போல, ஸ்காட்லாந்தின் ஃபிங்கல் குகையைப் பற்றித் தாம் அண்மையில் எழுதிய மூன்று கவிதைகளை அவர் சொல்லத் தொடங்கினார். எமர்சனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, கவிஞரைக் காண இவ்வளவு தூரம் வந்தது கவிதை கேட்கத்தானே என்று நினைத்துக் கவனமாகக் கேட்டார்.

எமர்சனின் நிலத்தில், வால்டன் குளக்கரையில், 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அவருடைய நண்பரான எழுத்தாளர் தோரோ குடிசை கட்டி வாழ்ந்தார். சார்லஸ் வில்கின்ஸ் 1785இல் ஆங்கிலமாக்கிய பகவத் கீதையை அவர் ஆழ்ந்து படித்தார். 1846-47 குளிர்காலத்தில் சுமார் 100 அயர்லாந்துத் தொழிலாளர்கள் வந்து அந்தக் குளத்தின் பனிக்கட்டியை அறுத்து அடுக்கினார்கள். பாஸ்டனிலிருந்து அக்காலத்தில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் பனிக்கட்டி ஏற்றுமதியாயிற்று. காலையில் தாம் கீதையில் நீராடுவதாகவும், வெயிலில் தவிக்கும் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தம் கிணற்றில் குடிப்பதாகவும் எழுதிய தோரோ, வால்டன் நீர் கங்கையோடு கலப்பதாகக் கண்டார். பனிக்கட்டி வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் கிடங்கு சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் என்று ஊர் அழைத்த அந்தக் கட்டடத்தில்தான் 1897இல் விவேகானந்தர் தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

ஆசியாவில் வேறு எங்கே இது சென்றது?

ஜப்பானிய உதாரணம் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் வேட்டைக் குறிப்புகளிலிருந்து ஒரு கதையை ஃபுதாபதெய் ஷிமெய் 1888இல் ஜப்பானிய மொழியாக்கினார். இலையுதிர் காலத்துப் பிர்ச் மரக்காட்டில், மழையும் வெயிலும் மாறி மாறி வர, ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியோடு தொடங்கும் கதை அது. வேர்ட்ஸ்வொர்த்தை விரும்பிப் படித்த குனிகிதா தோப்போ, டோக்கியோவை அடுத்த முசாஷினோ சமவெளியைப் பற்றி 1898இல் எழுதிய கட்டுரையில், அந்த மொழிபெயர்ப்பை நீளமாக எடுத்துக்காட்டுகிறார். இலையுதிர்க்கும் சாதாரண ஓக் காட்டின் அழகைத் தாம் உணர்ந்தது அதைப் படித்த பிறகுதான் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பாட்டிலும் ஓவியத்திலும் பைன் மரத்துக்கே இடமிருந்த ஒரு மரபில், வீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருந்த காட்டை ஒரு ரஷ்யக் கதை கண்ணில் காட்டியது.

சங்க இலக்கியத்தின் திணை மரபு ஐரோப்பிய ரொமாண்டிக் கவிஞர்களைச் சென்றடைந்திருக்குமா?

வாய்ப்பில்லை. கலித்தொகை 1887இலும் பத்துப்பாட்டு முழுமையாக 1889இலும்தான் அச்சேறின. மற்ற அகத்தொகைகள் அதற்கும் பின்பே வந்தன. வேர்ட்ஸ்வொர்த் 1850இலேயே இறந்துவிட்டார். ஒப்பிட்டுப் படிப்பதில் பயன் உண்டு. ஆனால் குறிஞ்சிப் பாட்டின் மலை, களவுக் காதலின் இலக்கணத்துக்குள் வருகிறது. தனிமனிதர் தம்மைத் தேடிப் போகும் மலை அன்று அது. ஒற்றுமையைக் கொண்டு தொடர்பை நிறுவிவிடக் கூடாது.

அப்படியானால் தமிழுக்கு இது எப்போது வந்தது?

உறுதியாகச் சொல்லத்தக்க வழி பாரதி. எட்டயபுரத்தில் ஷெல்லியின் பெயரால் ஒரு சிறு மன்றம் அமைத்து நண்பர்களுக்கு ஷெல்லியைப் படித்துக் காட்டினார். 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரும் கொண்டார். ஷெல்லியோ வில்லியம் ஜோன்ஸின் நூல்களை வரவழைத்துப் படித்தவர். ஜோன்ஸ் நாராயணனைப் பற்றிப் பாடிய பாடலின் சாயலை ஷெல்லியின் 1816ஆம் ஆண்டுக் கவிதையில் ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். இன்னொரு வழி அமெரிக்கக் கவிஞர் விட்மன். 1855இல் விட்மனின் முதல் தொகுதியைப் பாராட்டி எமர்சன் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. எதுகை மோனை தளை இல்லாத விட்மனின் பாட்டு வசனம்போலவே இருக்கும் என்று தமிழருக்கு எடுத்துச் சொன்ன பாரதி, காற்றையும் கடலையும் ஞாயிற்றையும் வசன கவிதையில் நேரே அழைத்துப் பேசினார். அதில் வேதப் பாடல்களின் குரலும் சேர்ந்தே ஒலிக்கிறது. ஜெர்மனியில் கோல்ரிட்ஜ் வாங்கிய நூல்களிலிருந்து மார்ஷ், எமர்சன், விட்மன் வழியாகப் புதுச்சேரி வரை ஒரு கோடு இழுக்கலாம். அது புதுச்சேரியை அடைந்தபோது பாரதி ஏற்கெனவே வேதத்தையும் சித்தர் பாடல்களையும் கையில் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எல்லை கடந்ததில் ஏதேனும் விடுபட்டுப் போனதா?

விடுபட்டது, அது சிறிய இழப்பன்று. வேர்ட்ஸ்வொர்த்தின் மலையில் மனிதர்கள் இருந்தார்கள். 1800இல் அவர் எழுதிய ஆட்டிடையன் மைக்கேலின் கதையில், கடன் தீர்க்க ஊரைவிட்டுப் போகும் மகனும் பாதியில் நின்றுபோன கற்பட்டியும் இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருளே இல்லை. தம் ஏரி நாட்டு வழிகாட்டி நூலில் அந்நிலப்பகுதியை, காணக் கண்ணும் துய்க்க நெஞ்சும் உடைய ஒவ்வொருவருக்கும் உரிமையுள்ள ஒருவகைத் தேசியச் சொத்து என்று அவர் எழுதியபோது, அங்கே வாழும் சிறு உழவர்களைப் பற்றியும் அதே கவலையோடு எழுதினார்.

அமெரிக்காவில் இந்த எண்ணம் ஆளற்ற காட்டைத் தேடியது. ஸ்காட்லாந்தில் பிறந்து, ஹம்போல்ட்டைப்போல் ஆக விரும்பிய இயற்கை ஆர்வலர் ஜான் மியூர், 1871இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எமர்சனைச் சந்தித்து, பெருமரங்களின் கீழ் ஓர் இரவு தங்க அழைத்தார். முதுமையைக் கருதி உடன் வந்தவர்கள் அவரை விடவில்லை. இருவருக்கும் அது மனிதக் கை படாத ஆலயம். ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் ஆயுதப் படை துரத்தியிருந்தது. அந்தப் புல்வெளிகள் அவ்வளவு திறந்து கிடந்ததற்கு அம்மக்கள் பருவந்தோறும் இட்ட தீயும் ஒரு காரணம். 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. இங்கிலாந்தின் ஏரி நாடு 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே ஆடு வளர்ப்போர் தம் பண்ணைகளிலேயே தொடர்ந்து வாழ்ந்தார்கள்.